ஹான்சார்டில் சர்க்கரை: அவைப் பேச்சிலிருந்து உணவுக் கொள்கையைப் படித்தல்

ஓர் அரசு உணவு விஷயத்தில் என்ன முடிவெடுத்தது என்று தெரிந்துகொள்ள சட்டப் புத்தகம் போதும். ஏன் அந்த முடிவு, யார் எதிர்த்தார்கள், எந்த வாதம் ஒருமுறை தோற்று நூறு வருடம் கழித்து வேறு பேரில் திரும்பி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கு அவையில் பேசியதைத்தான் படிக்க வேண்டும். படிக்கலாம் என்று உட்கார்ந்தால் மலைப்பாக இருக்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பேச்சுப் பதிவுக்கு ஹான்சார்ட் என்று பெயர். 1803 முதல் 2005 வரையிலான பதிவைக் கொண்டு உருவாக்கிய ஹான்சார்ட் உரைத்தொகுப்பில் மட்டும் சுமார் 76 லட்சம் உரைகள், 160 கோடி சொற்கள் இருக்கின்றன. ஒரு ஆள் ஆயுள் முழுக்கப் படித்தாலும் தீராது. எண்ணுவதற்கும், எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதற்கும் கணினி வேண்டும்.

கணினி எண்ணித் தருவதை அப்படியே கொள்கையின் போக்கு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஒரு சொல்லின் கோடு வரைபடத்தில் ஏறினால் அக்கறை கூடியது, இறங்கினால் குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி? ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நூற்றாண்டுகளையும் கடந்து பார்த்தால் தெரியும். அதற்கு நான் எடுத்துக்கொண்டது சர்க்கரை.

'உணவு' என்ற சொல்லையே தேடியிருக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1955-ல் உணவு அமைச்சகம் விவசாய அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டபோது, அதன் பெயர் 'விவசாயம், மீன்வளம் மற்றும் உணவு' என்று ஆனது. 2001-ல் அது கலைந்து 'சுற்றுச்சூழல், உணவு மற்றும் ஊரக விவகாரங்கள்' என்ற துறை வந்தது. வெள்ளத் தடுப்பைப் பற்றியோ மரங்களைப் பற்றியோ அந்த அமைச்சரிடம் கேள்வி கேட்டாலும், பதவியின் முழுப் பெயரைச் சொன்னால் 'உணவு' ஒரு எண்ணிக்கை கூடிவிடும். பதவிப் பெயர்களை முதலில் களையாமல் வரைந்த 'உணவு' வரைபடத்தை நான் நம்ப மாட்டேன். சர்க்கரைக்கு இந்தத் தொல்லை குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அவையை விட்டுப் போகாத பண்டமும் அது. வரி, அடிமை முறை, போர், குடியேற்ற நாடுகளோடு வணிகம், விவசாய மானியம், குழந்தைகளின் உடல் எடை என்று ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு வாசல் வழியாக அது உள்ளே வந்திருக்கிறது.

பதிவு எப்படி உருவானது

எந்த உரைத்தொகுப்பையும் தொடும் முன் அதை யார், எப்படி எழுதினார்கள் என்று கேட்டாக வேண்டும். ஹான்சார்டின் ஆரம்பம் அரசாங்க ஆவணம் இல்லை. 1803-ல் வில்லியம் காபெட் தொடங்கிய வெளியீடு அது. பின்னர் அதை அச்சிட்டுவந்த தாமஸ் கர்சன் ஹான்சார்டின் கைக்கு வந்தது. பெயரும் அவருடையதே நிலைத்தது. அந்தக் காலத்தில் அவைக்குள் சுருக்கெழுத்தாளர்களை வைத்து எழுதவில்லை. பெரும்பாலும் நாளிதழ்களில் வந்த செய்திகளைத் தொகுத்தார்கள். அதனால் பெரிய தலைவர்கள் பேசியது விரிவாக இருக்கும். பின்வரிசை உறுப்பினர் பேசியது இரண்டு வரியில் முடிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 1909-லிருந்துதான் நாடாளுமன்றமே தன் சொந்தச் செய்தியாளர்களை வைத்து, தன்மை நிலையில், எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே அளவுகோலில் பதிவு செய்யத் தொடங்கியது. பொதுச்சபைக்கும் பிரபுக்கள் சபைக்கும் தனித்தனித் தொகுதிகள் வந்ததும் அப்போதுதான். அந்தப் பதிவும் வரிக்கு வரி அப்படியே இருக்காது. திரும்பச் சொன்னதை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தித்தான் அச்சிடுவார்கள்.

இது வரலாற்றுத் தகவல் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது, பகுப்பாய்வின் முடிவையே மாற்றக்கூடியது இது. 1909-க்கு முன்னால் பல உரைகள் 'அவர் கூறினார், தாம் அந்தத் தீர்வையை எதிர்ப்பதாக' என்ற படர்க்கை நடையில் இருக்கும். பேசுபவரின் உணர்வை, உறுதியை அளக்கும் இன்றைய கருவிகள் தன்மைச் சொற்களையும் வினையின் காலத்தையும் பிடித்துக்கொண்டு வேலை செய்பவை. 1846-ஆம் ஆண்டு உரையையும் 2016-ஆம் ஆண்டு உரையையும் அதே கருவியில் போட்டு, முன்னோர்கள் நிதானமாகப் பேசினார்கள், இன்றைக்கு உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று முடிவு சொன்னால், அச்சுக்காரரின் நடையைத்தான் அளந்திருக்கிறோம். ஆகவே உணர்வு, தொனி சார்ந்த ஒப்பீடு எதையும் 1909-ஐத் தாண்டி நீட்டக் கூடாது. சொற்சேர்க்கை சார்ந்த ஒப்பீட்டை, கவனத்தோடு, நீட்டலாம்.

அப்புறம் அளவு. ஒரு ஆண்டில் அவை கூடிய நாட்கள், பேசிய நேரம், பதிவின் விரிவு மூன்றும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வெறும் எண்ணிக்கையை வரைந்தால் எல்லாச் சொற்களும் 20-ஆம் நூற்றாண்டில் ஏறுவதுபோலத் தெரியும். பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்ற விகிதத்தில்தான் பேச வேண்டும். தேர்தல் ஆண்டுகளில் அவை கலைந்திருக்கும் மாதங்களையும், கோடை விடுமுறையையும் தனியாகக் குறித்துவைப்பது நல்லது. இது எவ்வளவு முக்கியம் என்பது 2016-க்கு வரும்போது தெரியும்.

களை எடுப்பு

சர்க்கரையைத் தேடினால் வருவதெல்லாம் சர்க்கரை இல்லை. பெயரிலேயே 'சுகர்', அதாவது சர்க்கரை, இருக்கும் தொழிலதிபர் ஆலன் சுகர் 2009-ல் பிரபுக்கள் சபைக்கு வந்தார். அதிலிருந்து அவரைக் குறிப்பிடும் ஒவ்வொரு இடமும் உணவுக் கொள்கையாக எண்ணப்படும் ஆபத்து இருக்கிறது. நீரிழிவு பற்றிய பேச்சில் ரத்தச் சர்க்கரை வரும். கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுவது என்ற பொருளில் எந்த மசோதாவைப் பற்றியும் எந்தக் காலத்திலும் பேசுவார்கள். இவற்றை விலக்க ஒரு விதிப் பட்டியல் எழுதி, அதன் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் குலுக்கலில் எடுத்த சில வரிகளைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரையை நான் முழுக்க எறிந்துவிட மாட்டேன், தனிக் கூடையில் போட்டுவைப்பேன். சர்க்கரை எப்போது நோயின் மொழிக்குள் நுழைந்தது என்று பிறகு கேட்க அது உதவும்.

பழைய தொகுதிகளை வருடி எழுத்துணரி மென்பொருளில் போட்டதால் வந்த பிழைகளும் உண்டு. சொற்களில் வரும் பிழையைவிட எண்களில் வருவது மோசம். 1840-களின் விவாதம் முழுக்க ஷில்லிங் கணக்கு. ஒரு இலக்கம் மாறினால் வாதமே தலைகீழாகும். எண்களை வைத்து ஏதாவது சொல்வதானால் வருடிய பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பேசியவர் யார் என்பதும் நேரடியாகக் கிடைக்காது. 'நிதியமைச்சர்' என்று மட்டும் இருந்தால், அந்தத் தேதியில் பதவியில் இருந்தது யார் என்று வேறு பட்டியலோடு பொருத்த வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல். 1940 ஏப்ரல் முதல் 1943 வரை உணவு அமைச்சராக இருந்த வூல்டன் பிரபுக்கள் சபை உறுப்பினர். பொதுச்சபைக்குள் அவரால் பேச முடியாது. அங்கே பதில் சொன்னது அவருடைய நாடாளுமன்றச் செயலாளர்கள், அதாவது இளநிலை அமைச்சர்கள். பொதுச்சபைப் பதிவை மட்டும் தரவிறக்கியவரின் கையில், ரேஷனின் முகமாக நாடே அறிந்திருந்த அமைச்சர் ஒரு வார்த்தைகூடப் பேசாதவராக நிற்பார்.

சர்க்கரையோடு சேர்ந்து வந்தவை

எண்ணிக்கையைவிட எனக்கு நம்பிக்கை தருவது இணைச்சொற்கள்தான். சர்க்கரைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் சில சொற்கள் தூரத்துக்குள் எவை வழக்கத்தைவிட அதிகமாக வருகின்றன என்று பார்ப்பது. இதைக் காலவாரியாகச் செய்தால் ஒரே பண்டம் நாலைந்து வேறு வேறு கொள்கைகளாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

1840-களில் சர்க்கரையைச் சுற்றி இருப்பவை தீர்வை, அடிமை, பிரேசில், கியூபா, மேற்கிந்தியத் தீவுகள், தோட்ட முதலாளிகள். பின்னணி இதுதான். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. அதற்குப் பின் 'பயிற்சிக் கால' உழைப்பு என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலை 1838-ல் முடிந்தது. பேரரசுத் தீவுகளில் விளைந்த சர்க்கரைக்குக் குறைந்த தீர்வை. கியூபா, பிரேசில் போன்ற இடங்களிலிருந்து, இன்னமும் அடிமைகள் விளைவித்த சர்க்கரைக்கு மிக அதிகத் தீர்வை. 1841-ல் அப்போது ஆண்ட விக் கட்சி அரசு, வெளிநாட்டுச் சர்க்கரைக்கான தீர்வையை ஹண்டர்ட்வெயிட்டுக்கு (சுமார் 50 கிலோ) 63 ஷில்லிங்கிலிருந்து 36 ஷில்லிங்காகக் குறைக்க முன்வந்தது. பேரரசுச் சர்க்கரைக்கு அது 24 ஷில்லிங். சாதாரண மக்களுக்குச் சர்க்கரை மலிவாகும் என்றது அரசு. அடிமை உழைப்புக்குச் சந்தை திறப்பதாகும் என்றது எதிர்த்தரப்பு. சாண்டன் பிரபு கொண்டுவந்த திருத்தத்தில் அரசு தோற்றது. அடுத்த மாதமே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்தது. ஓர் உணவுப் பண்டத்தின் தீர்வை ஆட்சியையே கவிழ்க்கும் அளவுக்குப் போயிருக்கிறது.

இந்த விவாதங்களில் இன்னொரு சொல்லும் ஓரமாகத் தலைகாட்டும்: 'கூலிகள்'. அடிமைகள் விடுதலையான பின் ஆள் பற்றாக்குறை என்று தோட்ட முதலாளிகள் முறையிட்டார்கள். மொரீஷியஸுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். 1838-லேயே பிரபுக்கள் சபையில் இது கேள்வியாக எழுந்தது. இதை இங்கே நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவுக் கொள்கைக்கென்று இன்று யாராவது தயாரிக்கும் சொற்பட்டியலில் விலை, சத்து, பாதுகாப்பு, பற்றாக்குறை எல்லாம் இருக்கும்; கூலி இருக்காது. சேர்ந்து வரும் சொற்களைத் தொகுதிகளாகப் பிரிக்கும், தலைப்பு மாதிரி எனப்படும் தானியங்கி முறையில் போட்டாலும், ஒரு தொகுதி 'தீர்வை-வருவாய்' என்றும் இன்னொன்று 'அடிமை-பிரேசில்' என்றும் மூன்றாவது 'குடியேற்றத் தொழிலாளர்' என்றும் பிரிந்து போக வாய்ப்பு அதிகம். கணினி மேல் தவறில்லை, சொற்கள் பிரிந்திருப்பதால் அது பிரிக்கிறது. ஆனால் அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மூன்றும் ஒரே பிரச்சினை: பிரிட்டிஷ் மேசைக்கு வரும் சர்க்கரையை யார் கையால், என்ன விலையில் விளைவிப்பது. இன்றைய தலைப்புப் பிரிவைக் கொண்டு அன்றைய விவாதத்தை வெட்டினால் அந்த உழைப்பாளிகள்தான் முதலில் காணாமல் போவார்கள். எனக்கு இது வெறும் முறையியல் குறையாகத் தெரியவில்லை.

1846-ல் பிரதமர் ரஸ்ஸலின் அரசு தீர்வைகளைப் படிப்படியாகச் சமமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1874-ல் சர்க்கரைத் தீர்வையே போய்விட்டது. அதோடு அவையில் சர்க்கரையின் பேச்சும் வற்றியிருக்கும் என்று நினைப்போம். ஆனால் பிரபுக்களும் உறுப்பினர்களும் வேறு நாடுகள் பீட் கிழங்குச் சர்க்கரைக்குத் தரும் ஏற்றுமதி ஊக்கத்தொகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1902-ல் பிரசெல்ஸ் உடன்பாடு வரை அது போகிறது. அதற்குள், 1901-ல், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் செலவுக்காக நிதியமைச்சர் ஹிக்ஸ் பீச் தீர்வையை மறுபடி கொண்டுவந்திருந்தார். 1925-ல் உள்நாட்டு பீட் கிழங்குச் சர்க்கரைக்கு மானியச் சட்டம். இங்கே இணைச்சொற்கள் விவசாயி, ஆலை, மானியம், ஏக்கர் என்று மாறிவிடும்.

போர்க்காலம் எளிதில் பிடிபடும். 1940 ஜனவரி 8-ல் பதப்படுத்திய பன்றி இறைச்சி (பேக்கன்), வெண்ணெயோடு சர்க்கரையும் ரேஷனுக்குள் வந்தது; 1953 செப்டம்பரில் வெளியே வந்தது. அவுன்ஸ், புத்தகம், ஒதுக்கீடு, ஜாம், மிட்டாய் ஆகியவை சர்க்கரைக்குப் பக்கத்தில் குவியும். ஆனாலும் உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. 1939 முதல் 1955 வரை உணவுக்கென்று தனி அமைச்சகம் இருந்தது. தனி அமைச்சகம் என்றால் அவையில் கேள்வி கேட்க அதற்கென்று தனி முறை நாள் வரும். உறுப்பினர்கள் தொகுதிக் குறைகளைக் கேட்பார்கள், அமைச்சர் பதில் சொல்வார், எண்ணிக்கை ஏறும். அமைச்சகம் இணைக்கப்பட்டதும் அந்த மேடை சுருங்கிவிட்டது. ஆகவே 1955-ஐ ஒட்டிய சரிவில் ஒரு பகுதி ரேஷன் முடிந்ததால், ஒரு பகுதி கேள்வி கேட்கும் இடம் குறைந்ததால். இரண்டையும் பிரிக்க வாய்மொழிக் கேள்விகளைத் தனியாகவும் சட்ட விவாதங்களைத் தனியாகவும் எண்ண வேண்டும்.

அதற்குப் பின் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம், ஐரோப்பிய ஒதுக்கீடு, லோமே உடன்படிக்கை (ஐரோப்பாவுக்கும் முன்னாள் குடியேற்ற நாடுகளுக்கும் இடையிலான வணிக ஏற்பாடு). கடைசியாகத்தான் உடல் பருமன், பல், நீரிழிவு, பள்ளி, விளம்பரம். உணவுச் சர்க்கரையும் நோயும் பற்றிய அரசு நிபுணர் குழு அறிக்கை 1989-லேயே வந்துவிட்டது. இப்போது நாம் பார்க்கும் மொழி அவையில் கெட்டிப்பட்டது 2000-க்குப் பிறகு.

ஏழையின் பேரில்

இந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது சொற்கள் எதிலும் அடங்காத ஒன்று. சர்க்கரை மீது வரி என்று பேச்செடுத்தால் போதும், எந்த நூற்றாண்டாக இருந்தாலும், யாராவது எழுந்து ஏழையின் பேரில் பேசுவார். 1840-களில் தீர்வையைக் குறைக்கக் கேட்டவர்கள் உழைக்கும் வர்க்கத்தின் வீட்டுச் செலவைக் காட்டினார்கள். பின்னர் தடையற்ற வணிகத்துக்காகப் போராடிய உறுப்பினர் ஜான் பிரைட்டோடு சேர்த்துப் பேசப்படும் 'தீர்வையற்ற காலை உணவு மேசை' என்ற முழக்கம் வந்தது: தேயிலை, காபி, சர்க்கரை மூன்றுக்கும் தீர்வை கூடாது என்பது அதன் சாரம். 1901-ல் தீர்வை திரும்பியபோதும் அதே எதிர்ப்பு. 2015, 2016-ல் சர்க்கரைப் பானங்களுக்குத் தீர்வை பேசப்பட்டபோது, குறைந்த வருமானக் குடும்பங்களைத்தான் அது அதிகம் தாக்கும் என்று எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களும் அதே ஏழையைத்தான் முன்னே நிறுத்தினார்கள்: பருமனும் பற்சிதைவும் ஏழைக் குழந்தைகளிடம்தான் அதிகம், தீர்வையால் அவர்களுக்கே கூடுதல் பலன் என்று.

வாதம் ஒன்று, சொற்கள் வேறு. 'உழைக்கும் வர்க்கத்தினர்', 'ஏழை வகுப்பினர்' என்பவை மறைந்து 'குறைந்த வருமானக் குடும்பங்கள்' வந்துவிட்டது. சொல் எண்ணும் முறைக்கு இவை தொடர்பே இல்லாத இரண்டு விவாதங்கள். சொற்களின் அண்மையைக் கணித வெளியில் அளக்கும் புதிய மாதிரிகள் ஓரளவு இணைக்கும். ஆனால் 1840-களில் ஏழையின் பேரில் பேசியவர் தீர்வை குறைப்பைக் கேட்டார், 2016-ல் ஒருவர் தீர்வையை எதிர்க்கவும் இன்னொருவர் ஆதரிக்கவும் அதே ஏழையை அழைத்தார் என்ற நுட்பத்தை அவை தாமாகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு ஒரே வழி மனிதர்கள் உட்கார்ந்து வாதச் சட்டகங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுவது. ஏழையின் சுமை, ஏழையின் உடல்நலம், அரசு வருவாய், உள்நாட்டு உற்பத்தி, தனிமனிதச் சுதந்திரம், உழைப்பாளியின் நிலை என்று சில தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எது சேரும், எது சேராது என்று எடுத்துக்காட்டோடு விளக்கம். பிறகு குறைந்தது இருவர் ஒரே பத்திகளைத் தனித்தனியே குறியிட வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து இருவருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று அளக்க கோஹன் கப்பா போன்ற அளவுகள் இருக்கின்றன. ஒற்றுமை குறைவாக வரும் சட்டகத்தை ஒளித்துவைக்காமல் முடிவில் காட்டிவிட வேண்டும்; எந்த இடத்தில் வாதமே தெளிவில்லாமல் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இப்போது பெரிய மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் இந்தக் குறியிடும் வேலையைக் கொடுக்கிறார்கள். வேகம் உண்மை. பழைய உரைகளில் ஒரு எச்சரிக்கை மட்டும்: 1846-ஆம் ஆண்டு உறுப்பினர் சர்க்கரையை ஏழையின் ஆறுதலாக, சத்தாகப் பேசியிருப்பார். இன்றைய எழுத்தில் பழகிய மாதிரிக்குச் சர்க்கரை என்றால் கெடுதல். அந்தக் கண்ணாடியோடு அது அன்றைய பேச்சை வகைப்படுத்திவிடக் கூடும். காலவாரியாக மனிதக் குறியீட்டோடு ஒப்பிட்டு, 19-ஆம் நூற்றாண்டுப் பத்திகளுக்குத் தனியாகத் தேர்ச்சி பார்த்த பிறகே அதை விட வேண்டும்.

2015 முதல் 2018 வரை: பேச்சு எங்கே, முடிவு எங்கே

இந்தச் சில ஆண்டுகளை நெருக்கமாகப் பார்த்தால் வரைபடத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரியும்.

2015 ஜூலையில் அரசின் ஊட்டச்சத்து அறிவியல் ஆலோசனைக் குழு, புறச் சர்க்கரை (உணவில் சேர்ப்பதும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ளதும்) அன்றாட ஆற்றலில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. சர்க்கரைப் பானங்களுக்கு வரி கேட்டு, சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் முன்னின்ற மனுவில் 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஒரு லட்சம் தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பது நடைமுறை. 2015 நவம்பர் 30-ல் விவாதம் நடந்தது. எங்கே? பிரதான அவையில் இல்லை, வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் எனப்படும் இணை விவாத அரங்கில். ஹான்சார்டில் அதற்குத் தனிப் பத்தி எண் வரிசை. பிரதான அவையின் பதிவை மட்டும் எடுத்தவருக்கு, இந்தக் கொள்கையின் மிக முக்கியமான பொது விவாதம் தரவிலேயே இருக்காது.

2016 மார்ச் 16 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அந்தத் தீர்வையை அறிவித்தார். அன்றும் அடுத்த நாட்களிலும் கோடு செங்குத்தாக ஏறும். பட்ஜெட் விவாதம் பல நாள் நடப்பது வழக்கம். அந்த ஆண்டு ஆகஸ்டில் தெரசா மே அரசின் குழந்தைப் பருமன் திட்டம் வெளியானது. கடைகளில் சலுகை விற்பனை, விளம்பரம் பற்றிய கடுமையான கட்டுப்பாடுகள் அதில் இல்லை என்று கடும் விமர்சனம் எழுந்தது. ஆனால் வெளியான நாளில் அவை கோடை விடுமுறையில் இருந்தது. ஹான்சார்டில் அந்த வாரம் வெற்றிடம். செப்டம்பரில் கூடியபோது எழுந்த கேள்விகளை வைத்து, திட்டம் வந்ததே செப்டம்பர் என்று ஒரு கணினி மாதிரி கணித்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது 2017 ஏப்ரல். தீர்வைக்கான விதிகள் நிதி மசோதாவுக்குள் இருந்தன. ஏப்ரல் 18-ல் திடீர்த் தேர்தல் அறிவிப்பு வந்தது. கலையும் முன் முடிக்க வேண்டிய அவசரத்தில் மசோதாவின் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார்கள்; குளிர்பானத் தீர்வை தப்பியது, அந்த மாத இறுதிக்குள் சட்டமும் ஆனது. 100 மில்லிக்கு 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ் என்று 2018 ஏப்ரல் 6 முதல் அமலானது. முடிவு சட்டமான அந்த நாட்களில் அதைப் பற்றிய பேச்சு மிகக் கொஞ்சம். 1841-ல் அடிமைச் சர்க்கரைக்காக இரவு இரவாகப் பேசிய அவை அது. பேச்சின் அளவும் முடிவின் எடையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதைவிட அமைதியாக நடந்தது ஆலைகளுக்குள். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசத்தில் பல நிறுவனங்கள் தயாரிப்பில் சர்க்கரையைக் குறைத்து 5 கிராமுக்குக் கீழே வந்துவிட்டன. முதலில் 52 கோடி பவுண்டு வரும் என்று சொன்ன வருவாய் மதிப்பீடு இறங்கியது. தீர்வைக்கு உட்பட்ட பானங்களில் சராசரிச் சர்க்கரை அளவு 2015-க்கும் 2020-க்கும் இடையில் 46 சதவீதம் குறைந்ததாக அரசின் கணக்கு சொல்கிறது. இதே காலத்தில் பிஸ்கட், கேக், காலைத் தானியம் போன்றவற்றில் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று தன்னார்வத் திட்டம் ஒன்று இருந்தது. அதில் மொத்தமாகக் குறைந்தது 3.5 சதவீதம். அவையில் எவ்வளவு முறை பேசப்பட்டது என்பதை வைத்து இந்த இரண்டின் விளைவையும் ஊகிக்கவே முடியாது. உரைப் பகுப்பாய்வு செய்பவர் கையில் விற்பனைத் தரவும், தயாரிப்பு மாற்றம் பற்றிய அறிக்கைகளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பதிவுக்கு வெளியே

இன்னும் இரண்டு இடங்களைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். உணவில் சேர்க்கும் பொருள்கள், லேபிள், கலப்படத் தரம் பற்றிய விதிகளில் பெரும்பகுதி துணைச் சட்டங்களாக வருகின்றன. ஆட்சேபம் எழாவிட்டால் விவாதமே இல்லாமல் அமலாகும் வகை அதில் அதிகம். மசோதாவை வரி வரியாகப் பார்க்கும் குழுக் கூட்டங்களின் பதிவும் பிரதான அவையின் பதிவுக்கு வெளியே தனியாக இருக்கிறது.

மற்றொன்று ஐரோப்பா. பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த 1973 முதல் அதிலிருந்து வெளியேறும் வரை சர்க்கரை ஒதுக்கீடு, சர்க்கரை விலை, உணவுச் சட்டத்தின் பெரும்பகுதி ஆகியவை பிரசெல்ஸில் தீர்மானமாயின. பிரிட்டிஷ் அவையில் சர்க்கரையைப் பற்றி யாரும் பேசாத ஆண்டுகள் கொள்கை இல்லாத ஆண்டுகள் ஆகிவிடாது. 2017 செப்டம்பர் 30-ல் ஐரோப்பியச் சர்க்கரை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. உலகச் சர்க்கரைச் சந்தைக்கு அது பெரிய மாற்றம். அதற்கு நிகரான சத்தத்தை ஹான்சார்டில் தேடுவதில் பயனில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றங்களின் விவாதங்களை ஒரே வடிவத்தில் தொகுக்கும் பார்லாமிண்ட் போன்ற திட்டங்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பும், ஆனால் அவற்றின் தரவு பெரும்பாலும் 2015-ஐ ஒட்டியே தொடங்குகிறது.

2021-ல் ஹென்றி டிம்பிள்பி தலைமையில் வந்த தேசிய உணவுத் திட்ட அறிக்கை, பதப்படுத்திய உணவிலும் உணவகங்களிலும் பயன்படுத்தும் சர்க்கரைக்கு கிலோவுக்கு 3 பவுண்டு, உப்புக்கு 6 பவுண்டு வரி கேட்டது. அரசு ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில், குளிர்பானத் தீர்வையின் கீழ் வரம்பை 5 கிராமிலிருந்து 4 கிராமாக இறக்கவும், பால் கலந்த பானங்களுக்கு இருந்த விலக்கை நீக்கவும் அரசு கருத்துக் கேட்டது. இந்த ஆய்வை இப்போது தொடர நினைப்பவர் தேடல் பட்டியலை முதலில் மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த சர்க்கரை விவாதம் மில்க்‌ஷேக், சுண்ணாம்புச் சத்து, பால் பண்ணை என்ற சொற்களில் நடக்கக்கூடும். அவற்றைச் சேர்த்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலையும் மசோதாக் குழுக்களையும் சேர்த்துத் தரவிறக்கி, ஏழையின் சுமை, ஏழையின் உடல்நலம் என்ற இரண்டு சட்டகங்களும் இம்முறை எந்தப் பக்கம் நிற்கின்றன என்று குறியிடத் தொடங்கலாம்.